இலையுதிர் காலச் சிவப்பு ஒயின்: சுங்கை சிப்புட்டில் எதைத் திறப்பது?

மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து ஒரு தம்பி கேட்டது:

"செப்டம்பர் பிறந்தாலே வெளிநாட்டுக்காரர்கள் இலையுதிர் காலத்துக்கு இந்தச் சிவப்பு ஒயின், அந்தச் சிவப்பு ஒயின் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். நமக்கு ஏது இலையுதிர் காலம்? ஒன்று வெயில், இல்லாவிட்டால் மழை. இந்த ஊர்ச் சூட்டுக்குச் சிவப்பு ஒயினே சரிப்படாது, காரச் சாப்பாட்டோடு அறவே சேராது என்பது என் கட்சி. தீபாவளிக்கு ஒரு பாட்டில் வாங்கிப் பார்ப்போமா என்று அண்ணன் கேட்கிறார். என்ன சொல்வது?"

5 அக்டோபர் 2024, சனி இரவு

வாங்கலாம், தம்பி. அண்ணனிடம் சரி என்று சொல்லுங்கள். ஆனால் புரட்டாசி முடியட்டும். எங்கள் வீட்டில் பெருமாளுக்கு விரதம், இன்று சனிக்கிழமை என்பதால் தளிகை போட்டோம். மாதம் முடியும்வரை கறியும் இல்லை, ஒயினும் இல்லை. அதுவரை பேசி வைப்போம்.

முதலில் சூடு. பாதித் தகராறு அங்கேதான் இருக்கிறது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது குளிர் தேசத்துக் கல்வீட்டு அறை. 16, 18 டிகிரி இருக்கும். இதே பேராக்கில், சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக் கூடம் சாயங்காலத்திலேயே 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறி, பழ வாசம் அதற்கடியில் அமுங்கி, ஒரு வாய்க்கு மேல் குடிக்கத் தோன்றாது. சிவப்பு ஒயின் பிடிக்கவில்லை என்று சொல்லும் சொந்தக்காரர்களை எல்லாம் விசாரித்துப் பார்த்துவிட்டேன். கல்யாண விருந்திலோ தீபாவளிக்கோ மேசைமேல் மத்தியானத்திலிருந்து நின்றுகொண்டிருந்த பாட்டிலைத்தான் குடித்திருக்கிறார்கள்.

ஐஸ்பெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் போதும் என்று புத்தகங்களில் இருக்கும். அது 20, 21 டிகிரி வீட்டுக் கணக்கு. நம் வீட்டில் 30 டிகிரியிலிருந்து 17க்கு இறங்க ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். அவசரமென்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், அதில் பாட்டிலைக் கழுத்துவரை இறக்கினால் கால் மணி நேரம். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் நேரம் பிடிக்கும், தண்ணீர் இருந்தால்தான் குளிர் பாட்டிலை முழுக்கச் சுற்றும். கிளாஸில் கொஞ்சமாக ஊற்றுங்கள், ஏனென்றால் நம் காற்றில் அது சீக்கிரமே சூடேறிவிடும். மிச்சத்தை மறுபடி உள்ளே வைத்துவிடுங்கள்.

6 அக்டோபர்

எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டணத்துச் சீனர் மளிகைக் கடையிலும் கிடைக்கும், ஈப்போவில் பேரங்காடிகளின் ஹலால் அல்லாத பகுதியிலும் கிடைக்கும். வயது 21 ஆகியிருக்க வேண்டும், 2017 டிசம்பரிலிருந்து அதுதான் சட்டம். சின்னக் கடையில் வாங்கும்போது பாட்டில் நிற்கும் இடத்தைப் பாருங்கள். வெயில் விழும் கண்ணாடி ஓரத்தில் மாதக் கணக்கில் நின்ற பாட்டில் வேண்டவே வேண்டாம். சூடுபட்ட ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். மூடியின் உறையைத் தடவிப் பார்த்தால் மேடு தட்டும், சில சமயம் கழுத்தோரம் பிசுபிசுப்பு இருக்கும். அதைத் திறந்தால் வேகவைத்த பழ வாசம்தான் வரும். திருகு மூடி போட்டதை மட்டம் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நல்ல ஒயினுக்கே திருகு மூடிதான். கார்க்கினால் வரும் பூஞ்சை நாற்றம் அதில் இல்லை.

விலை? 50 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்தான்) 80 வெள்ளிக்குள் நம் சாப்பாட்டுக்கு ஏற்றது கிடைக்கும். 200 வெள்ளி கொடுத்து வாங்கி 30 டிகிரியில் குடிப்பதைவிட, 60 வெள்ளி பாட்டிலைப் பதமாகக் குளிர வைத்துக் குடிப்பது எவ்வளவோ மேல்.

12 அக்டோபர், சனி

"நமக்கு ஏது இலையுதிர் காலம்" என்ற வரி ஒரு வாரமாக மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நமக்கு இருக்கிறது, தம்பி. உங்கள் வயதுக்குச் செம்பனைதான் தெரிந்திருக்கும், செம்பனை இலை உதிர்க்காது. பால்மரம், அதாவது ரப்பர் மரம், உதிர்க்கும். ஜனவரி கடைசியில் வெயில் ஏறி மழை நின்றதும் இலை மஞ்சளாகும், பிறகு செங்கல் நிறமாகும், பிப்ரவரியில் காட்டுத் தரை முழுக்கச் சருகு. மேலே பார்த்தால் குச்சி குச்சியாகக் கிளையும் வானமும் மட்டும்தான். அப்புறம் செம்பு நிறத்தில் துளிர் விடும். அந்த வாரங்களில் பால் குறையும், அதோடு அப்பாவின் சம்பளமும் குறையும். லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லோருக்கும் அது தெரிந்த பருவம். கடையில் கடன் ஏறும் பருவமும் அதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பிரேசில் காட்டிலிருந்து விதையாக லண்டனின் கியூ தாவரத் தோட்டத்துக்குப் போய், கன்றாகி, சிங்கப்பூர் வழியாக 1877இல் பேராக்குக்கு வந்த மரம் இது. முதல் ஒன்பது கன்றுகளை நட்டது நமக்குப் பக்கத்திலிருக்கும் கோலகங்சாரில். அதே காலத்தில்தான் பிரான்ஸில் பிலோக்ஸெரா என்கிற பூச்சி வேரைத் தின்று திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு அவர்களைப் பிடித்தது இலையில் வெள்ளைப் பொடி பூக்கும் நோய், அதற்குக் கந்தகத் தூள் தூவினார்கள். பால்மரத் துளிரிலும் அதே மாதிரி வெண்பொடி நோய் வரும், பூஞ்சைதான் வேறு. அதற்கும் கந்தகத் தூள்தான். விடியற்காலையில் தூள் அடிக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டு எழுந்தவர்கள் நாங்கள். திராட்சைக்காரன் பாடு நமக்குத் தெரியாத பாடு இல்லை.

ஆக இரண்டு பருவம். வடக்கே அவர்களுடைய இலையுதிர் காலம் செப்டம்பர் முதல் நவம்பர்வரை. அப்போது நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை, தீபாவளி, கறிச் சாப்பாடு. நம்முடைய பால்மரம் உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் பூமியின் தென்பாதியில், ஆஸ்திரேலியாவிலும் சிலியிலும், திராட்சை அறுவடை. அங்கே மார்ச்சில்தான் இலையுதிர் காலம் தொடங்குகிறது. முதலாவது ஈரப் பருவம், இரண்டாவது நம்முடைய உலர்ந்த வெயில் பருவம். இரண்டுக்கும் ஒரே ஒயின் ஆகாது. வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே எடுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

19 அக்டோபர், சனி

புரட்டாசி முடிந்தது. மச்சானும் தங்கச்சியும் வந்திருந்தார்கள். ஆட்டுக்கறிப் பிரட்டல், மிளகு தூக்கலாக, கடாயோடு ஒட்டிக் கருக்கும்வரை பிரட்டியது. ஷிராஸ் என்கிற திராட்சையில் செய்த இரண்டு சிவப்பு ஒயின் திறந்தோம், இரண்டும் ஆஸ்திரேலியா. ஒன்று பரோசாப் பள்ளத்தாக்கு, வெயில் நிலம், ஆல்கஹால் 14.5 சதம். இன்னொன்று அடிலெய்டு குன்றுகள், குளிர்ந்த நிலம், 13.5 சதம்.

பரோசா தனியாகக் குடிக்க நன்றாக இருந்தது. கருநிறம், பழுத்த பழம், கொஞ்சம் சாக்லேட் வாசம். பிரட்டலோடு ஒரு வாய் வைத்ததும் கதை மாறியது. ஆல்கஹாலும் மிளகாயும் சேர்ந்து தொண்டையில் எரிந்தன. மிளகாயின் காரப் பொருளும் ஆல்கஹாலும் நாக்கில் சூட்டை உணரும் அதே நரம்பைத்தான் தொடுகின்றன, அதனால் ஒன்று மற்றதை ஏற்றிவிடும். அடிலெய்டு குன்று ஒயின் அப்படிச் செய்யவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் மிளகு. தங்கச்சி கிளாஸை முகர்ந்த மாத்திரத்தில் "மிளகு ரசம் வைத்த மாதிரி இருக்கிறது" என்றாள். அதைக் குடித்துவிட்டுப் பிரட்டலைத் தொட்டால் இரண்டிலும் ஒரே வாசம் ஓடியது. தற்செயல் இல்லை அது. ரொட்டன்டோன் என்கிற பொருள் நம் கருமிளகிலும் இருக்கிறது, ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்தார் 2008இல் அதைக் கண்டு சொன்னார்கள். குளிர்ந்த நிலத்து ஷிராஸில் அது கூடுதல்.

மச்சானுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. கிளாஸைச் சுழற்றினார், கண்ணை மூடினார், மறுபடி முகர்ந்தார். பழம்தான் வருகிறது, மிளகே இல்லை என்று அடித்துச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் மூக்கில் பதியவே பதியாதாம். அவருக்கு இரண்டு பாட்டிலில் பரோசாதான் பிடித்தது, அதையே ரசித்துக் குடித்தார். ஆகவே நான் மிளகு என்று எழுதியதை நம்பி 70 வெள்ளி போடுவதற்கு முன்னால் உங்கள் மூக்கு எந்தப் பக்கம் என்று யார் வீட்டிலாவது ஒரு வாய் பார்த்துக்கொள்ளுங்கள்.

20 அக்டோபர், பின்னிரவு

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். காரச் சாப்பாட்டோடு சேராது என்று தம்பி சொன்னதில் பாதி உண்மை. சேராதது துவர்ப்பும் ஆல்கஹாலும் மிகுந்த ஒயின். சிவப்பு ஒயினின் துவர்ப்பு தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வரும் டானின். அதிகம் கொதித்துவிட்ட தேத்தண்ணி மாதிரி, எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு வாயை உலர்த்தும். மிளகாய் எரியும் வாயில் அது இன்னும் முரடாகத் தெரியும். கொழுப்பும் புரதமும் உள்ள கறியோடு போனால் அடங்கும். அதனால் டானின் மிகுந்த காபர்னே சாவிஞ்ஞோன் திராட்சை ஒயினை மிளகாய் குறைத்த ஆட்டெலும்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப்பன்றிப் பிரட்டலுக்கு கிரெனாஷ் திராட்சை ஒயின், ஸ்பெயினில் அதையே கார்னாச்சா என்பார்கள். டானின் மென்மை, பழம் நிறைய. ஆல்கஹால் சதம் மட்டும் பார்த்து எடுங்கள், வெயில் நிலத்தில் அது 15க்கு ஏறிவிடும்.

புளிக்குழம்புக்கு இதெல்லாம் ஆகாது. புளி நாக்கில் இருக்கும்போது புளிப்புக் குறைந்த ஒயின் சப்பென்று போய்விடும். இத்தாலியின் பியமோன்தே வட்டாரத்தில் விளையும் பார்பெரா திராட்சை ஒயின் புளிப்பு மிகுந்தது, டானின் குறைவு. கத்தரிக்காய் புளிக்குழம்போடும் எண்ணெய் மிதக்கும் கோழிக் குழம்போடும் அதைக் குடித்துப் பாருங்கள். சைவக் குழம்போடு சிவப்பு ஒயினா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தப் பாட்டில்தான்.

மீன் கறிக்கும் நெத்திலி சம்பலுக்கும் சிவப்பு வேண்டாம். ஒயினிலுள்ள இரும்புச் சத்து மீன் எண்ணெயோடு சேர்ந்து வாயில் கவிச்சி அடிக்கும்.

27 அக்டோபர்

ஓர் அக்கா கோபமாக எழுதியிருக்கிறார். நம் ஆட்கள் குடியால் கெட்டது போதாதா, இப்போது ஒயின் வேறு சொல்லிக்கொடுக்கிறீர்களா என்று. அவர் கோபம் நியாயம். நான் பிறந்த லயத்தில் சம்சு என்கிற மலிவுச் சாராயம் இல்லாத வீடு குறைவு. சின்ன பாட்டில், மலிவு, வெறும் வயிற்றில், நின்றபடியே, சம்பள நாளில். அதற்கு முன்பு கள்ளுக்கடை. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையைத் திறந்து வைத்தார்கள், கூலியில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. என் சின்னம்மா வீட்டில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுத மாட்டேன், ஆனால் மறக்கவும் மாட்டேன்.

அதனால்தான் விலாவாரியாக எழுதுகிறேன், அக்கா. எங்கள் வீட்டில் முறை இதுதான்: சோறு மேசைக்கு வந்த பிறகே பாட்டில் திறக்கும். ஒரு பாட்டில் 750 மில்லி, ஐந்து ஆறு பேருக்குப் பங்கு, பக்கத்தில் ஆளுக்கொரு தண்ணீர் கிளாஸ். மோட்டார் எடுக்கிறவருக்கு இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வரட்டும். குடிக்காதவர்களைக் கட்டாயப்படுத்துவது எங்கள் வாசலுக்குள் நடக்காது. குடிப் பழக்கத்தை விட்டு மீண்டவர் யாராவது அந்த வீட்டில் இருந்தால் பாட்டிலே வேண்டாம், தம்பி. தீபாவளியாக இருந்தாலும் வேண்டாம். இதை நீங்கள் உங்கள் அண்ணனிடம் முதலில் கேளுங்கள். கடைக்குப் போவது அப்புறம்.

1 நவம்பர், வெள்ளி

நேற்றுத் தீபாவளி. பகல் முழுக்கத் திறந்த இல்ல உபசரிப்பு. மலாய்க்கார நண்பர்களும் வருவார்கள் என்பதால் அதுவரை பாட்டில் கண்ணில் படாத இடத்தில்தான் இருந்தது, கிளாஸ்களும் தனி. இரவு வீட்டு ஆட்கள் மட்டும் உட்கார்ந்தபோது சிலியின் கார்மெனேர் திறந்தேன்.

இந்தத் திராட்சையின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரான்ஸின் போர்தோவில் இருந்தது, பிலோக்ஸெராவுக்குப் பிறகு அங்கே ஏறக்குறைய இல்லாமலே போனது. அதற்கு முன்பே கப்பலேறிச் சிலிக்கு வந்த கொடிகளை அங்கே எல்லோரும் மெர்லோ என்கிற வேறொரு திராட்சை என்றே நினைத்து வளர்த்தார்கள். 1994இல் பிரெஞ்சு நிபுணர் ழான் மிஷேல் பூர்ஸிக்கோ தோட்டத்தில் கொடியைப் பார்த்து, இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்றார். இலையுதிர் காலத்தில் இதன் இலை இரத்தச் சிவப்பாக மாறும். மெர்லோவைவிடச் சில வாரம் தாமதமாகப் பழுக்கும். அவசரப்பட்டுப் பறித்தால் குடைமிளகாய் வாசம் தூக்கலாக இருக்கும், குடைமிளகாயிலுள்ள அதே பொருள்தான் காரணம். நேற்றையதில் அது கொஞ்சமாக இருந்தது. சீரகமும் மல்லியும் போட்ட கோழி வறுவலோடு அந்தப் பச்சை வாசம் மிக அழகாகப் பொருந்தியது. 55 வெள்ளி. தீபாவளிக்கு ஒரே ஒரு பாட்டில் என்றால் இதைத்தான் சொல்வேன், 16 டிகிரியில்.

நெய்யுருண்டை பக்கம் கொண்டுபோகாதீர்கள். இனிப்பு சாப்பிட்ட வாயில் சிவப்பு ஒயின் கசக்கும்.

2 நவம்பர்

மிச்சமானதை என்ன செய்வது? மூடியைப் போட்டு ஐஸ்பெட்டியில் நிறுத்தி வையுங்கள். மூன்று நாள் தாங்கும். மேசையில் விட்டால் நம் ஊரில் மறுநாளே போய்விடும்.

22 நவம்பர், வெள்ளி

நான்கு நாளாக விடாமல் மழை, ஆறு செம்மண் நிறத்தில் ஓடுகிறது. நேற்று நவம்பரின் மூன்றாவது வியாழன், பிரான்ஸில் போஜலே நூவோ, அதாவது போஜலே வட்டாரத்தின் அந்த வருடப் புது ஒயின், வெளிவரும் நாள். 1985இலிருந்து அந்த வியாழன்தான் கணக்கு. செப்டம்பரில் பறித்த காமே திராட்சையை நசுக்காமல் குலையோடு தொட்டியில் போட்டு, கரியமில வாயு சூழ்ந்த நிலையில் பழத்துக்குள்ளேயே நொதிக்க விடுவார்கள். டானின் அதிகம் இறங்காது, பழ வாசம் மட்டும் பொங்கும். சில வாரங்களில் ஒயின் தயார். வடக்கத்தி இலையுதிர் காலத்துக்கே உரிய ஒயின் என்றால் இதுதான். ஆனால் புதுசை நாம் துரத்த வேண்டியதில்லை. நம் பட்டணத்துக்கு அது வந்து சேருவதற்குள் புதுசு என்ற பேச்சுக்கே அர்த்தம் இராது. விமானக் கட்டணம் வேறு நம் தலையில் விழும்.

அதே வட்டாரத்தின் ஊர்ப் பெயர் போட்ட பாட்டில்கள், மொர்கோன், ஃப்ளூரி, மூலன் ஆ வான், ஈப்போவில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். அவையும் காமேதான். காமேயை 1395இல் பர்கண்டிப் பிரபு, துணிச்சல்கார பிலிப், மட்டமான செடி என்று தன் நிலத்திலிருந்து பிடுங்கச் சொன்னார். மண்சட்டிக் கோழிக் குழம்போடு நேற்று ராத்திரி நான் குடித்த ஃப்ளூரியை அவர் குடித்துப் பார்த்திருக்கலாம். 14 டிகிரியில் ஊற்றினேன், வெளியே மழை என்றாலும் அந்தக் குளிர் தேவைப்பட்டது.

23 பிப்ரவரி 2025, ஞாயிறு

தைப்பூசம் முடிந்து விரதமும் முடிந்தது. கோலகங்சார் பக்கம் போனபோது சிறு தோட்டக்காரர்களின் பால்மரங்கள் முழுக்க உதிர்ந்து நின்றன. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். நம் இலையுதிர் காலத்துக்கு என்ன ஒயின் என்று அக்டோபரில் பாதியில் விட்டதை இப்போது முடிக்கிறேன்.

இந்த வெயிலுக்குப் பீனோ நுவார் திராட்சை ஒயின். நியூசிலாந்தின் மார்ல்பரோ, சிலியின் கசாபிளாங்கா, இரண்டும் கடலோரக் குளிர் நிலங்கள், தோல் மெலிந்த திராட்சை, வெளிர் நிறம், 13 சதம். 13 டிகிரிவரை தைரியமாகக் குளிர வைக்கலாம். தேங்காய்ப்பால் சொதியோடும் காளான் பிரட்டலோடும் இதமாக இருக்கும். மழை மாதத்து ஷிராஸை இப்போது திறந்தால் இரண்டாவது வாய்க்கே அலுத்துவிடும், போன வாரம் வீட்டில் பார்த்தேன்.

தம்பி, பாட்டிலில் போட்டிருக்கும் வருடம் எதைக் குறிக்கிறது என்று கேட்டிருந்தீர்களே. ஒட்டுத்தாளில் 2024 என்றால் அது திராட்சையைப் பறித்த வருடம். சிலி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து 2024 என்றால் 2024 பிப்ரவரியிலிருந்து மே மாதத்துக்குள் பறித்தது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் 2024 என்றால் அந்த வருட ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர்வரை. ஆகவே ஒரே வருடம் போட்ட இரண்டு பாட்டிலில் தெற்கத்தியது அரை வருடம் மூத்தது. பீனோ நுவாருக்கு 2023 எடுங்கள், 2022உம் நல்லதுதான். அதைவிடப் பழையது சூட்டுக் கடையில் நின்றிருந்தால் விட்டுவிடுங்கள். அண்ணன் மறுபடி கார்மெனேர்தான் வேண்டும் என்கிறாரா? வாங்கிக் கொடுங்கள், ஆனால் இந்த வெயிலுக்கு ஐஸ்பெட்டியில் இன்னொரு கால் மணி நேரம் கூட்டி வையுங்கள்.